டேட்டிங்கில் தன்னம்பிக்கை: மனப்பாட வசனம் ஏன் கைகொடுப்பதில்லை?

கேள்வி: "எனக்கு வயது 28. சென்னையில் மென்பொருள் வேலை. பள்ளியிலும் சரி, கல்லூரியிலும் சரி, பெண்களோடு பேசிப் பழக வாய்ப்பே இருந்ததில்லை. ஒரு ஆன்லைன் கோர்ஸில் சேர்ந்தேன். பேச்சைத் தொடங்கும் வசனங்கள், எப்படிக் கேலி செய்வது, எப்போது கையைத் தொடுவது, எத்தனை மணி நேரம் கழித்து மெசேஜுக்குப் பதில் போடுவது என்று எல்லாவற்றுக்கும் ஒரு வருடம் பயிற்சி எடுத்தேன். ஆப்பில் மேட்ச் வருகிறது, முதல் சந்திப்பும் நடக்கிறது. இரண்டாவது முறை யாரும் வருவதில்லை. பயமும் அப்படியே இருக்கிறது. நண்பர்கள் 'நீ நீயா இரு' என்கிறார்கள். நான் நானாக இருந்தால் வாயே திறக்காது. என்ன செய்வது?"

பதில்:

இரண்டாவது சந்திப்பு நடக்கவில்லை என்பதைவிட, "பயமும் அப்படியே இருக்கிறது" என்று எழுதினீர்களே, அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. ஊர்க் கிணற்றில் நீச்சல் பழகும் பிள்ளைக்கு இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிவிடுவார்கள். கொஞ்ச நாளில் அதைக் கழற்றியும் விடுவார்கள். ஒரு வருடம் கழித்தும் குடுக்கையோடுதான் இறங்குவேன் என்று பிள்ளை அடம்பிடித்தால், தண்ணீர் பயம் எப்படிப் போகும்? நீங்கள் ஒரு வருடமாகப் பல பெண்களைச் சந்தித்துவிட்டீர்கள். ஒரு தடவைகூடக் குடுக்கையைக் கழற்றிவிட்டுச் சந்திக்கவில்லை.

நான் சென்னையில் உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். உங்களைப் போன்ற ஆண்களும் என்னிடம் வருகிறார்கள், அப்படிப்பட்ட ஆண்களைச் சந்தித்துவிட்டு வந்த பெண்களும் வருகிறார்கள். இரண்டு தரப்பையும் கேட்டவள் என்ற முறையில் சொல்கிறேன்: உங்களுக்கு இதைவிட நல்ல டெக்னிக் தேவையில்லை. நண்பர்கள் சொன்னதும் இப்போதைக்கு உதவாது. பயத்தில் உறைந்து நிற்பவரிடம் போய் "நீயா இரு" என்றால், உறைந்துபோன அந்த ஆளைத்தான் அவர் 'நான்' என்று நினைத்துக்கொள்வார். முதலில் அந்தப் பயம் எதனால் குறையும், எதனால் குறையாது என்று தெரிய வேண்டும்.

1995-ல் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார்கள். மனிதர்கள் முன்னால் வரும் பயம் நியாயமாகப் பார்த்தால் தானாகக் கரைந்துவிட வேண்டும். தினமும் நாலு பேரைப் பார்க்கிறோம், பேசுகிறோம், பெரிதாக ஒன்றும் ஆகிவிடுவதில்லை. பிறகு ஏன் சிலருக்கு அது வருடக்கணக்கில் நிற்கிறது? பயப்படுகிறவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வெளியே தெரியாமல் சில காரியங்கள் செய்கிறார் என்றார்கள் அவர்கள். கை நடுங்குவது தெரியாமலிருக்க டம்ளரை இறுக்கிப் பிடிப்பார். கண்ணைப் பார்க்காமல் பேசுவார். வாயைத் திறக்கும் முன் வாக்கியத்தை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார். இவற்றுக்குப் 'பாதுகாப்பு நடத்தைகள்' என்று பெயர். இதோடு, அவருடைய கவனம் எதிரே இருப்பவர்மேல் நிற்பதில்லை. "நான் எப்படித் தெரிகிறேன், குரல் நடுங்குகிறதா, அடுத்து என்ன சொல்ல வேண்டும்" என்று தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

இதில் சிக்கல் எங்கே என்றால், ஒன்றும் மோசமாக நடக்காதபோது அந்தப் பெருமை டம்ளருக்குப் போய்விடுகிறது. "இறுக்கிப் பிடித்ததால் தப்பித்தேன்." உண்மையில் பிடிக்காமலே இருந்திருந்தாலும் தப்பித்திருப்பார் என்பது அவருக்குத் தெரிய வழியே இல்லை. அதனால் அடுத்த முறையும் பிடிப்பார், அதே பயத்தோடு.

நீங்கள் மனப்பாடம் செய்த வசனங்கள் இந்த வகையில்தான் சேரும். ஒரு வசனத்துக்கு அந்தப் பெண் சிரித்தால், "நல்ல வசனம்" என்று குறித்துக்கொள்கிறீர்கள். சிரிக்காவிட்டால், "நான் சொன்ன விதம் சரியில்லை, நமக்கு இதெல்லாம் வராது" என்று வீட்டுக்குப் போகிறீர்கள். வரவு எல்லாம் வசனத்தின் கணக்கில், செலவு எல்லாம் உங்கள் கணக்கில். இப்படி ஒரு வருடம் கணக்கு எழுதினால் தன்னம்பிக்கை எங்கிருந்து சேரும்? பயிற்சியில் நீங்கள் குறை வைக்கவில்லை. நூறு சந்திப்பு நடந்தாலும், "எந்த உதவியும் இல்லாத என்னை ஒருவருக்குப் பிடிக்குமா" என்ற கேள்விக்கு மட்டும் பதில் வராதபடி அந்தப் பயிற்சி அமைந்திருக்கிறது.

இந்த மாதிரி கோர்ஸ்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் ரோஸ் ஜெஃப்ரீஸ் என்பவர், ஹிப்னாடிசத்தை ஒட்டிய பேச்சு உத்திகளைப் பெண்களைக் கவரும் வழி என்று விற்கத் தொடங்கினார். 1990-களில் இணையக் குழுக்களில் ஆண்கள் ஒருவருக்கொருவர் வசனங்களைப் பகிர்ந்துகொண்டார்கள். அதில் பெரிய பெயர் எடுத்தவர் கனடாவின் எரிக் வான் மார்கோவிக். 'மிஸ்டரி' என்ற புனைபெயரில் இயங்கியவர், தொழில்முறையில் மேஜிக் நிபுணர். சந்திப்பை ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நகர்த்தும் வரைபடம், பளிச்சென்ற உடை, 'நெகிங்' என்று சொல்லப்படும் லேசாக மட்டம் தட்டும் பேச்சு, இவையெல்லாம் அங்கே வளர்ந்தவை. 2005-ல் ஒரு பத்திரிகையாளர் அந்த உலகத்துக்குள் இருந்துவிட்டு வந்து புத்தகம் எழுதினார், உலகம் முழுக்கப் பரவியது. 2007-ல் மிஸ்டரியை வைத்து அமெரிக்காவில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியே வந்தது.

அவர் மேஜிக் நிபுணர் என்பது எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. மேடையில் மேஜிக் செய்பவருக்குப் பேச்சு முழுக்க முன்பே தயாராக இருக்கும். பார்ப்பவர் எந்தச் சீட்டை எடுத்தாலும் முடிவு அவர் நினைத்ததுதான். பார்ப்பவர் யார், அன்று அவர் மனநிலை என்ன என்பது வித்தையைப் பாதிக்காது. இரண்டு பேர் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளும் பேச்சு இதற்கு நேர்எதிர். எதிரே இருப்பவர் சொல்வதைப் பொறுத்துத்தான் அடுத்த வார்த்தையே பிறக்க வேண்டும்.

அந்தத் தொழில் போய் நின்ற இடமும் நல்ல இடமில்லை. பெண்களிடம் வன்மையாக நடந்துகொள்ளச் சொல்லிக்கொடுத்த ஒரு பயிற்சியாளரின் விசாவை 2014 நவம்பரில் ஆஸ்திரேலியா ரத்து செய்தது, அதே மாதம் பிரிட்டன் அவரை உள்ளே விட மறுத்தது. சீனாவில் இந்தப் பயிற்சிகளைக் குறிக்கும் 'பி.யு.ஏ.' ('பிக்-அப் ஆர்ட்டிஸ்ட்', பெண்களைக் கவரும் கலைஞர்) என்ற சுருக்கம், இன்று மனதைச் சிதைத்து ஒருவரை அடக்கி வைக்கும் எந்தச் செயலுக்கும் பொதுச் சொல்லாகிவிட்டது. ஊழியரை அப்படி நடத்தும் மேலதிகாரியைப் பற்றிப் பேசும்போதுகூட அங்கே அதே சொல்தான். முதல் புத்தகத்தை எழுதிய பத்திரிகையாளர் 2015-ல் எழுதிய புத்தகம், ஒரு நெருக்கமான உறவில் தன்னால் ஏன் நேர்மையாக நிலைத்திருக்க முடியவில்லை என்பதைப் பற்றியது. இத்தனை வசனம் தெரிந்தவருக்கே கடைசியில் அந்தக் கேள்விதான் மிஞ்சியது.

சரி, மேசையின் அந்தப் பக்கத்துக்கு வருகிறேன். ஒரு பெண் என்னிடம் சொன்னது, அவர் அனுமதியோடு எழுதுகிறேன். ஒரு காபி ஷாப்பில் முதல் சந்திப்பு. "போன வாரம்தான் எங்க பாட்டி தவறிப்போனாங்க, அதான் மெசேஜ் போட முடியல" என்று இவர் சொல்லியிருக்கிறார். எதிரே இருந்தவர் "ஓ" என்றார். இரண்டு விநாடி கழித்து, "உங்க கையைக் காட்டுங்க, எனக்கு ரேகை பார்க்கத் தெரியும்" என்றார். இவர் காபியை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்த ஆண் கல்நெஞ்சக்காரர் என்று நான் நினைக்கவில்லை. பாட்டி இறந்தது அவர் காதில் விழுந்திருக்கும், மனதில் விழ இடமில்லை. அங்கே அடுத்த வசனம் ஓடிக்கொண்டிருந்தது. "பாட்டி உங்க கூடவே இருந்தாங்களா?" என்று கேட்டிருந்தால் போதும். அதற்குத் திறமை தேவையில்லை, காலியான ஒரு மனது வேண்டும். உங்களுக்கு இரண்டாவது சந்திப்பு அமையாததற்குக் காரணம் இதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முதல் அரை மணி நேரம் நன்றாகப் பேசுகிறார் என்று தோன்றியிருக்கும். அப்புறம், தான் என்ன சொன்னாலும் இவரிடம் எதுவும் மாறவில்லை என்பது புரிந்திருக்கும். பெண்கள் இதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுகிறார்கள். எதைக் கண்டுபிடித்தோம் என்று சொல்லத் தெரியாது, "ஏதோ செட் ஆகல" என்பார்கள்.

ஹார்வர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்குப் பக்கத்தில் வரும். ஸ்பீட் டேட்டிங் உரையாடல்களை அலசியதில், எதிராளி சொன்னதைப் பிடித்துக்கொண்டு அதிலிருந்தே அடுத்த கேள்வி கேட்டவர்களுக்கு, மறுபடி சந்திக்கலாம் என்ற சம்மதம் அதிகமாகக் கிடைத்திருக்கிறது. கேள்விகளைப் பட்டியல் போட்டு எடுத்துக்கொண்டு போவதில் இந்தப் பலன் வராது. "நீங்க எந்த ஊர்?" என்பதை யாரும் யாரிடமும் கேட்கலாம். "தென்காசியா? அப்போ சாரல் சீசன்ல வளர்ந்தீங்களா?" என்பது அவர் சொன்ன பிறகுதான் பிறக்கும்.

உங்களுக்கு இது ஏன் கஷ்டமாக இருக்கிறது என்பதற்கு உங்கள் குணம் மட்டும் காரணமில்லை. நம் ஊரில் எத்தனையோ கல்லூரிகளில் ஆணும் பெண்ணும் பேசினாலே விசாரணை, பேருந்தில் தனித்தனி இருக்கை, சில இடங்களில் படிக்கட்டுகூடத் தனி. பதினைந்து வயதில் தப்பும் தவறுமாகப் பேசிப் பழகியிருக்க வேண்டியதை, இருபத்தைந்து வயதில், அதுவும் நேரே டேட்டிங்கில் தொடங்கச் சொன்னால் நடுங்கத்தான் செய்யும். முதல் ஓட்டுநர் பாடத்தையே கத்திப்பாரா மேம்பாலத்தில் நடத்துவது மாதிரி. வெட்கப்பட வேண்டிய விஷயம் இது இல்லை. எனக்கு இதில் கோபம்தான் வருகிறது, உங்கள்மேல் இல்லை.

அதனால் நான் முதலில் சொல்வது டேட்டிங்கைப் பற்றியே இல்லை. பெண்களோடு எந்த நோக்கமும் இல்லாமல் பேசிப் பழகுங்கள். அலுவலக கேன்டீனில் பக்கத்து டீமில் இருப்பவர், அபார்ட்மென்ட் சங்கத்தின் செயலாளர் அக்கா, பூக்கடை அம்மா, நண்பனின் தங்கை. "இன்னைக்கு மல்லி ஏன் இவ்வளவு விலை?" என்பதில் தொடங்கும் இரண்டு நிமிடப் பேச்சு போதும். கடலை போடுவது வேறு, நூல் விடுவது வேறு, பேசுவது வேறு. முதல் இரண்டும் ஓரளவு வருகிறது என்று நினைப்பவர்களுக்குக்கூட மூன்றாவது வராமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பெண், 'பெண்' என்ற தேர்வுத்தாளாகத் தெரியாமல் ஒரு ஆளாகத் தெரியத் தொடங்குவது இந்தச் சின்னப் பேச்சுகளில்தான். இதற்கு மூன்று நான்கு மாதம் கொடுங்கள். சுருக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

டேட்டிங் சந்திப்புகளை நிறுத்த வேண்டியதில்லை. குடுக்கையை மட்டும் கழற்றுங்கள். கிளார்க்கின் சிகிச்சை முறையில் ஒரு பயிற்சி உண்டு. அறிமுகமில்லாத ஒருவரோடு இரண்டு முறை பேச வைப்பார்கள். முதல் முறை, வழக்கமாகச் செய்யும் பாதுகாப்புகள் அனைத்தோடும். இரண்டாவது முறை, ஒத்திகையை விட்டுவிட்டு, கவனத்தை எதிரே இருப்பவர் முகத்திலும் பேச்சிலும் வைத்து. பிறகு எதில் படபடப்பு அதிகம், எதில் பேச்சு நன்றாக இருந்தது என்று இருவரிடமும் கேட்பார்கள். பாதுகாப்புகளோடு பேசியபோதுதான் பயம் கூடுதலாக இருந்தது என்று கண்டுபிடிக்கும்போது பலருக்கு நம்பவே முடிவதில்லை. இதை நீங்களே செய்து பார்க்கலாம். அடுத்த சந்திப்பில் ஒரே ஒரு வசனத்தையாவது சொல்லாமல் விடுங்கள். பேச்சு நின்றுபோனால் நிற்கட்டும். நாலு விநாடி மௌனம் உங்களுக்கு நாலு நிமிடமாகத் தெரியும், அவருக்கு அது காபி குடிக்கும் நேரம்.

படபடப்பாக இருந்தால் அதைச் சொல்லிவிடலாம். "முதல் தடவை சந்திக்கும்போது எனக்குக் கொஞ்சம் படபடப்பா இருக்கும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு மேலே பேசுங்கள். அதற்குமேல் மறைக்க ஒன்றும் இல்லாததால், மறைப்பதற்குச் செலவான சக்தி மிச்சமாகும். பெரும்பாலும் எதிரே இருப்பவர், "எனக்கும்தான்" என்பார். ஆனால் இதையும் ஒரு உத்தியாக மனப்பாடம் செய்துவிடாதீர்கள். படபடப்பு இருக்கும் அன்று மட்டும் சொல்லுங்கள்.

இன்னொன்று. உங்களைப் பற்றி உங்கள் மனது கொடுக்கும் தீர்ப்பை அப்படியே நம்ப வேண்டாம். 2018-ல் எரிகா பூத்பியும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், புதிதாகச் சந்தித்துப் பேசியவர்கள், "எதிரே இருந்தவருக்கு என்னை எவ்வளவு பிடித்திருக்கும்" என்று கணித்தது, அவருக்கு உண்மையில் பிடித்திருந்த அளவைவிடக் குறைவாகவே இருந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் 2000-ல் வெளியிட்ட பரிசோதனையும் உண்டு. போட்டுக்கொள்ளக் கூச்சமான படம் போட்ட ஒரு டி-ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டிவிட்டு, மற்ற மாணவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தது நாலில் ஒரு பங்கு பேர்தான். சந்திப்பு முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் உங்கள் தலைக்குள் ஓடும் விமர்சனத்துக்கும் அங்கே நடந்ததற்கும் இவ்வளவு தூரம் இருக்கலாம்.

மறுப்பு என்று வரும்போது எனக்கு எப்போதும் நினைவுக்கு வருபவர் ஆல்பர்ட் எல்லிஸ். பின்னாளில் பெரிய உளவியலாளரானவர், 1950-களின் நடுவில் தனக்கென்று ஒரு சிகிச்சை முறையையே உருவாக்கியவர். பத்தொன்பது வயதில் அவருக்குப் பெண்களோடு பேசவே பயம். நியூயார்க்கில், பிராங்க்ஸ் தாவரவியல் பூங்காவுக்குத் தினமும் போய், தனியாக பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்களோடு ஒரு நிமிடத்துக்குள் பேச்சுக் கொடுக்க வேண்டும் என்று தனக்குத்தானே வீட்டுப்பாடம் வைத்துக்கொண்டார். அவர் சொன்ன கணக்குப்படி 130 பெண்கள். முப்பது பேர் எழுந்து போய்விட்டார்கள். நூறு பேர் பேசினார்கள். ஒரே ஒருவர் மறுபடி சந்திக்க ஒத்துக்கொண்டார், அவரும் வரவில்லை. டெக்னிக் விற்பவர்களின் கணக்கில் இது முழுத் தோல்வி. எல்லிஸுக்கோ பயம் போய்விட்டது. அத்தனை பேர் மறுத்தும் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை உடம்பே தெரிந்துகொண்டது. இதில் கவனிக்க வேண்டியது, அவர் வெற்றி பெற்று தைரியம் அடையவில்லை.

இதை அப்படியே செய்யுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பூங்காவில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெண் உங்கள் பயிற்சிக் களம் இல்லை, அவர் நிம்மதியாக உட்கார வந்திருக்கிறார். ஆப்பில் இரண்டு பேரும் விரும்பித்தான் வருகிறீர்கள், உங்களுக்கு அது போதும். எல்லிஸிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, மறுப்பு என்பது தாங்கக்கூடியது என்பதைத்தான். மறுப்பைத் தாங்க முடிகிறவரால்தான் மறுப்பை மதிக்கவும் முடியும். உங்கள் கோர்ஸில் "அவள் தயங்கினால் அது சோதனை, விடாதே" என்று ஒரு பாடம் இருந்திருந்தால் அதை முதலில் தூக்கி எறியுங்கள். சொல்லிக்கொடுத்த வரிசைப்படி தொடுவதையும் சேர்த்துத்தான். நம் சினிமாவும் பல காலமாக அதையே சொல்லிக்கொடுத்திருக்கிறது. விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஒரு பெண்ணைத் தொடர்ந்து பின்தொடர்வதும் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்ள முயல்வதும் இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவில் குற்றம், முதல் முறைக்கே மூன்றாண்டு வரை சிறை உண்டு. சட்டத்தை விடுங்கள். ஒருவர் பின்வாங்குவதைக் கவனித்து, "சரி, கிளம்பலாமா?" என்று முகம் சுளிக்காமல் கேட்க முடிகிற ஆளிடம் இருக்கும் நிதானம், எந்தக் கெத்தான வசனத்திலும் கிடையாது.

தயாரிப்பே கூடாதா என்றால், அப்படி இல்லை. சத்தமில்லாத இடமாகப் பார்த்து வைப்பது, நேரத்துக்குப் போவது, சுத்தமாகப் போவது, அவருடைய புரொஃபைலை ஒழுங்காகப் படிப்பது, எல்லாம் மரியாதை. மெசேஜுக்குப் பதில் எழுத நேரம் கிடைத்தவுடன் எழுதிவிடுங்கள், மணிக்கணக்குப் பார்க்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் நீங்களே யோசித்துப் பார்க்க வேண்டும். இந்தப் பயம் டேட்டிங்கில் மட்டும்தானா? மீட்டிங்கில் பேசுவது, போனில் பேசுவது, கல்யாண வீட்டில் உறவினர்களோடு சாப்பிட உட்காருவது இவையெல்லாம்கூட முடியாமல், அதற்காகவே வாய்ப்புகளைத் தவிர்க்கிறீர்கள் என்றால், அது கூச்சத்தைத் தாண்டிய சமூகப் பதற்றமாக இருக்கலாம். அதற்குப் பலன் தரும் சிகிச்சை இருக்கிறது. நான் மேலே சொன்ன கிளார்க், வெல்ஸ் விளக்கத்தை வைத்து உருவான தனிநபர் சிகிச்சையை பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டுதல் 2013-லேயே முதல் தேர்வுகளில் ஒன்றாகப் பரிந்துரைத்தது. அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, அதாவது 'சி.பி.டி.' தெரிந்த உளவியலாளரிடம் போங்கள். கோர்ஸுக்குக் கொடுத்த பணத்தைவிட அது நன்றாகவே பயன்படும்.

அடுத்த சந்திப்புக்கு ஒரு சின்ன வேலை தருகிறேன். முடிந்து வீட்டுக்கு வந்ததும், நான் எப்படிப் பேசினேன் என்று யோசிக்கத் தொடங்கும் முன், ஒரு தாளை எடுத்து அவரைப் பற்றிப் புதிதாகத் தெரிந்துகொண்ட மூன்று விஷயங்களை எழுதுங்கள். புரொஃபைலில் இல்லாதவையாக இருக்க வேண்டும். முதல் தடவை ஒன்றுக்குமேல் எழுத வராது என்று நினைக்கிறேன். பரவாயில்லை, அந்த ஒன்றை எழுதித் தேதி போட்டு வையுங்கள்.